அந்தச் சின்னக் குழாயைவிட நீங்கள் நிறுத்திய மாத்திரைதான் எனக்குக் கவலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 49. திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்; அதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை எடுத்து வந்தார். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். சில மாதங்களாக இவருக்கு இடது மார்பில் ஊசி குத்துவது போன்ற வலி. மாடிப்படி ஏறும்போதோ வேலை செய்யும்போதோ வருவதில்லை. இரவில் படுத்த பிறகு வந்து ஒரு மணி நேரம்கூட நீடிக்கிறது. ஜி.பி. (பொது மருத்துவர்) அனுப்பியதன் பேரில் இதய ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொடுக்கும் எல்.ஏ.டி. தமனியின் ஒரு சிறு கிளையிலிருந்து 2 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய் ஒன்று நேராக வலது கீழறைக்குள் திறப்பது அதில் தெரிந்தது. ரிப்போர்ட்டில் ‘கரோனரி கேமரல் ஃபிஸ்டுலா’ என்று எழுதியிருக்கிறது. எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படத்தில்) எல்லா அறைகளும் இயல்பான அளவில் இருக்கின்றன. இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 62 சதவீதம்.

ஒரு இதய மருத்துவர் ‘விட்டுவிடலாம், அவ்வப்போது பார்த்துக்கொள்வோம்’ என்கிறார். இன்னொருவர் ‘காயில் (சுருள் கம்பி) வைத்து அடைத்துவிடலாம்’ என்கிறார். சென்னைக்கு வந்து செய்துகொள் என்று அண்ணன் அழைக்கிறார். மலிவான வேறு மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்புத் திட்டத்துக்கு) மாறலாம், படிவத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்பது கணவரின் யோசனை. மருமகள் வருகிற தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பாள் என்று மாமியார் முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். இதயத்தில் ஓட்டை இருப்பதாகவும் அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்றும் நினைத்து, இவர் தினசரி நடையை நிறுத்திவிட்டார். பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடும் 17 வயது மகளையும் ஓட விடாமல் வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டே வரிகள். ஒன்று: ‘அடைப்பு இல்லை, பிறவிக் கோளாறுதான் என்று தெரிந்ததால் ஐந்து வாரமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுவதில்லை.’ மற்றொன்று ரிப்போர்ட்டின் கடைசி வரி, அவரே நகலெடுத்து எழுதியது: ‘எல்.ஏ.டி.யின் தொடக்கத்தில் 30 சதவீதக் கொழுப்புப் படிவு. கால்சியம் ஸ்கோர் 84.’

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்பாவை 52 வயதில் இழந்த ஒரு பெண்ணிடம், ஐம்பதை நெருங்கும் நேரத்தில், ‘உங்கள் இதயத்தில் அபூர்வமான ஒன்று இருக்கிறது’ என்றால் தூக்கம் எப்படி வரும்? நான் உங்களை நேரில் பார்த்துப் பரிசோதிக்கவில்லை, ஸ்கேன் படங்களையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவட்டும்.

முதலில், இது ஓட்டை இல்லை. ஓட்டை என்று நாம் சொல்வது இரண்டு இதய அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருப்பது. உங்களுக்கு இருப்பது ரத்தக்குழாயின் பாதையில் உள்ள வித்தியாசம். இதயத் தமனிகள் கிளை கிளையாகப் பிரிந்து, தலைமுடியைவிட மெல்லிய நுண்குழாய்களாகி, தசைக்கு ரத்தம் கொடுத்த பிறகு சிரைகள் வழியாகத் திரும்ப வேண்டும். உங்கள் தமனியின் ஒரு கிளை அந்த நுண்குழாய்களைத் தாண்டி, நேராக ஓர் அறைக்குள் போய்த் திறக்கிறது. கருவில் இதயத் தசை பஞ்சுபோல இடைவெளிகளோடு இருக்கும் காலம் ஒன்று உண்டு. பிறகு தசை இறுகும்போது அந்த இடைவெளிகள் மூடிக்கொள்ளும். அப்படி மூடாமல் நின்றுபோன வழிதான் பெரும்பாலும் இப்படி மிஞ்சுகிறது. நீங்கள் வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா எதையும் தவறாகச் செய்யவில்லை. நீங்கள் சாப்பிட்ட எதனாலும் இது வந்ததில்லை.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இதயச் சுவரிலிருந்து நேராக அறைகளுக்குள் திறக்கும் மிக நுண்ணிய சிரைகள் எல்லா மனிதருக்கும் உண்டு. தெபீசியஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1708-இல் அவற்றை விவரித்தார். உங்களுக்கு இருப்பதுபோன்ற தமனி இணைப்பை 1865-இல் க்ரௌஸ் என்பவர் முதலில் விவரித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம், பிணப் பரிசோதனையிலும் இதயத்தில் பெரிய இரைச்சல் கேட்ட நோயாளிகளிடமும்தான் இது தெரியவந்தது. அதனால் பழைய மருத்துவ நூல்களில் பெரியதும் ஆபத்தானதுமான ஃபிஸ்டுலாக்களே நிறைந்திருக்கின்றன. இன்று சி.டி. ஸ்கேனில் எந்தத் தொல்லையும் தராத சின்னஞ்சிறு இணைப்புகளும் கண்ணில் படுகின்றன. இணையத்தில் தேடி நீங்கள் படித்துப் பயந்தவை பெரும்பாலும் அந்த முதல் வகையைப் பற்றியவை.

அது என்ன செய்யும், எப்போது செய்யும்

பெருந்தமனியில் ரத்த அழுத்தம் 120 என்றால் வலது கீழறையில் சாதாரணமாக 25 அளவில்தான் இருக்கும். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ரத்தம் இடைவிடாமல் ஓடும். வழி அகலமாக இருந்தால் மூன்று விதமான தொல்லைகள் வரலாம். அறைக்குள் கூடுதல் ரத்தம் சேர்ந்து அது விரியலாம், காலப்போக்கில் இதயம் களைத்துப்போகலாம். அந்தத் தமனியே பருத்து வளைந்து, பலூன்போல வீங்கலாம். மூன்றாவது, காவிரிப் பாசனத்தில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லாமலே புரியும்: வாய்க்காலின் நடுவில் கரை உடைந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. ரத்தம் சுலபமான வழியில் ஓடிவிட, அதற்கு அப்பால் இருக்கும் தசைக்குப் போதாமல் போய், உடல் உழைக்கும்போது நெஞ்சுவலி வரலாம்.

ஆனால் இவையெல்லாம் உடைப்பின் அளவைப் பொறுத்தவை. சாதாரணமாக எல்.ஏ.டி.யின் தொடக்கம் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விரிந்த ஃபிஸ்டுலாவைத்தான் பெரியது என்கிறோம். உங்களுடையது 2 மில்லிமீட்டர். தாய்த்தமனி பருக்கவில்லை, அறைகள் விரியவில்லை. ஜி.பி. காதுக்கு இதயத்தில் இரைச்சல் எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஃபிஸ்டுலா இருந்தால் பெரும்பாலும் இதயத் துடிப்பின் இரண்டு கட்டத்திலும் விடாமல் ஒரு இரைச்சல் கேட்கும்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். மிகமிக அரிதாக, பெரிதாக வீங்கிய ஃபிஸ்டுலாக்களில் அது நடந்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் வீக்கம் என்ற வார்த்தையே இல்லை. வெடிக்கும் என்ற பயத்தில் நடையை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சிறிய ஃபிஸ்டுலாக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நம் நாட்டில், கேப் டவுன் க்ரூட் ஷூர் மருத்துவமனையில், 1967 டிசம்பர் 3-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது நீங்கள் அறிந்ததே. பின்னாளில் மாற்று இதயம் பெற்றவர்களுக்கு, உடல் அதை நிராகரிக்கிறதா என்று பார்க்க, வலது கீழறைச் சுவரிலிருந்து ஊசி முனையளவு தசையைத் திரும்பத் திரும்பக் கிள்ளி எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. கிள்ளிய இடத்தில் சிலருக்குத் தமனியிலிருந்து அதே அறைக்குள் சிறிய ஃபிஸ்டுலா உண்டாகிவிடுகிறது. அவர்களை மருத்துவர்கள் வருடக்கணக்கில் கவனித்து வருகிறார்கள். பெரும்பாலும் அவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. சில தாமாகவே மூடிக்கொள்கின்றன. உங்களுடையது பிறவியில் வந்தது என்பதால் இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் சிறிய வழி ஒன்று வலது கீழறைக்குள் திறந்திருந்தாலும் மனிதர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்பதற்கு அது போதும்.

அடைக்க வேண்டுமா

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் நீங்கள் குழம்பிப்போயிருக்கிறீர்கள். அபூர்வமான நோய்களில் இது நடக்கும். பல ஆயிரம் பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இதற்கு இல்லை, அனுபவத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். இருந்தாலும் வழிகாட்டுதல்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. பெரிய ஃபிஸ்டுலாவை, தொல்லை இல்லாவிட்டாலும், அடைப்பது நல்லது. சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருந்து, அதனால் தசைக்கு ரத்தம் குறைகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது, அறை விரிகிறது அல்லது தொற்று வந்தது என்று நிரூபணமானால் அடைக்கலாம். சிறியதாக இருந்து எந்தத் தொல்லையும் தராவிட்டால் தொடக்கூடாது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும்.

உங்கள் வலி இதனால் வருகிறதா என்பதுதான் இப்போதுள்ள ஒரே கேள்வி. உழைக்கும்போது வராமல், படுத்த பிறகு வந்து, ஊசி குத்துவதுபோல ஒரு மணி நேரம் இருக்கும் வலி தசைக்கு ரத்தம் போதாததால் வருவதுபோல் தெரியவில்லை. வயிற்று அமிலம் மேலே ஏறுவது, நெஞ்சுக்கூட்டுத் தசைப்பிடிப்பு, மனக்கவலை இவற்றிலும் இப்படி வரும். ஆனாலும் சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு இதயவலி புத்தகத்தில் எழுதியபடி வருவதில்லை. அதனால் ‘கேஸ்தான்’ என்று சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

ஒரு பரிசோதனை மட்டும் கேளுங்கள். ட்ரெட்மில்லில் ஓட வைத்து ஈ.சி.ஜி. மட்டும் பார்ப்பது பெண்களிடம் பல நேரங்களில் தவறான முடிவைக் காட்டும். ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை வேகமாக வேலை செய்ய வைத்து எடுக்கும் எக்கோ), அல்லது இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தைக் காட்டும் நியூக்ளியர் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. செய்யும்படி கேளுங்கள். அந்தக் கிளை ரத்தம் கொடுக்கும் பகுதியில், உழைக்கும்போது குறைபாடு தெரிந்தால் அடைப்பதைப் பற்றிப் பேசலாம். தெரியாவிட்டால் முதல் மருத்துவர் சொன்னதே சரி என்பது என் கருத்து.

ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், அடைப்பது பொழுதுபோக்கு வேலை இல்லை. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக நுழைந்து, 2 மில்லிமீட்டர் குழாய்க்குள் சுருள் கம்பியையோ சிறு அடைப்பானையோ வைக்க வேண்டும். அது இடம் மாறலாம், தமனிச் சுவர் கிழியலாம். அந்தக் கிளையிலிருந்து நல்ல தசைக்குப் போகும் சின்னக் கிளைகளும் சேர்ந்து அடைபட்டு, சிறிய மாரடைப்பே உண்டாகலாம். அடைத்த பிறகு ரத்தம் தேங்கி உறைகிற ஆபத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்க வேண்டும். உங்கள் சிறுநீரகம் சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்டிருந்தால், குழாய் படத்தில் தெரியச் செலுத்தும் சாயம் அதையும் பாதிக்கலாம். இத்தனையையும் ஏற்றுக்கொள்ள ஒரு வலுவான காரணம் வேண்டும். ‘இருக்கிறது, அதனால் அடைப்போம்’ என்பது காரணமாகாது.

அடைக்கச் சொன்னவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் உங்களை நேரில் பார்த்தவர், எனக்குத் தெரியாத ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கலாம். அவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: ‘டாக்டர், இதனால் என் தசைக்கு ரத்தம் குறைகிறது என்பதை எது காட்டுகிறது? செய்யாவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ இப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6-ஆம் பிரிவில் உங்கள் நோயின் நிலை, இருக்கும் சிகிச்சை வழிகள், ஒவ்வொன்றின் நன்மை, ஆபத்து, செலவு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை எல்லாவற்றையும் மருத்துவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. முடிந்தவரை உங்களுக்குப் புரியும் மொழியிலும் சொல்ல வேண்டும் என்கிறது. ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட்டில் மூன்றாவது கருத்துக்கு வசதி இல்லையென்றால், அரசு வழி இருக்கிறது. உங்கள் கிளினிக்கிலிருந்து ஆர்.கே.கான் மருத்துவமனை, அங்கிருந்து கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை. அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, பரிந்துரைக் கடிதம் வேண்டும். காத்திருக்க நேரிடும். உங்கள் நிலையில் காத்திருப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

சென்னைக்குப் போவது பற்றி அண்ணன் சொன்னது அன்பினால். அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் செய்ய வேண்டியதே இல்லாத ஒன்றுக்கு விமானம் ஏற வேண்டாம். பரிசோதனையில் அடைக்கத்தான் வேண்டும் என்று தெரிந்து, அப்போதும் நீங்கள் சென்னையை விரும்பினால், பிறகு வரும் எக்கோவும் மருந்துகளும் இங்கே யார் கவனிப்பார் என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். திட்டமிட்டு வெளிநாட்டில் செய்துகொள்ளும் சிகிச்சைக்குப் பெரும்பாலான மெடிக்கல் எய்டுகள் பணம் தராது என்பதையும் மனதில் வையுங்கள். அண்ணனைப் பார்க்க ஆசைப்பட்டு ஊருக்குப் போவதென்றால் தாராளமாகப் போய்வாருங்கள். விமானப் பயணத்தால் இந்தக் குழாய்க்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனது

இப்போது மாத்திரைக்கு வருகிறேன், சகோதரி. கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த இரண்டு வரிதான்.

ஃபிஸ்டுலா இருப்பதால் அடைப்பு இல்லை என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள். இரண்டும் தனித்தனி. ஒரே ஸ்கேன் இரண்டையும் காட்டியிருக்கிறது. 30 சதவீதப் படிவு இப்போது ரத்த ஓட்டத்தைத் தடுக்காது, அது உண்மை. ஆனால் பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத படிவு திடீரெனக் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. 49 வயதுப் பெண்ணுக்கு, தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பின் அளவைக் காட்டும் கால்சியம் ஸ்கோர் பூஜ்யமாக இருப்பதுதான் வழக்கம். உங்களுக்கு 84. அதோடு ஆறு வருடச் சர்க்கரை, அப்பாவின் மரணம். நம் டர்பன் இந்தியக் குடும்பங்களில் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் மாரடைப்பு வருவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே பார்த்து வருகிறார்கள். உங்கள் தெருவிலேயே அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் எழுதிய எண்கள் இவை: மாத்திரை நிறுத்திய பிறகு எடுத்த எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 3.9 mmol/L, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.1 சதவீதம். உங்களைப்போலச் சர்க்கரையும் படிவும் இருப்பவர்களுக்கு எல்.டி.எல். 1.8-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 1.4 வரை இறக்கச் சொல்கின்றன. அந்த மாத்திரை படிவைக் கெட்டிப்படுத்தி, கிழியாமல் காக்கிறது. ஃபிஸ்டுலாவுக்கும் அதற்கும் எந்த முரண்பாடும் இல்லை. இந்த வாரமே ஜி.பி.யைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். தசைவலி வந்ததால் நிறுத்தியிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாறலாம், வழி இருக்கிறது.

நடையையும் தொடங்குங்கள். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடியும்வரை சமதரையில், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் போதும். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இருந்தும் வெள்ளிக்கிழமை பன்னி சௌவையும் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) இனிப்புக் குளிர்பானத்தையும் பற்றி ஜி.பி.யோடு ஒருமுறை பேசுங்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

தைப்பூசமும் அலகும்

உங்கள் மாமியாரின் வேண்டுதலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருமகளுக்காக ஒரு மாமியார் முருகனிடம் கையேந்தியிருக்கிறார், அது பெரிய அன்பு. ஆனால் அலகு குத்துவதைப் பற்றி மருத்துவனாகப் பேச வேண்டியிருக்கிறது. நாக்கிலும் கன்னத்திலும் தோலிலும் ஊசி ஏறும்போது கிருமிகள் ரத்தத்தில் கலக்கலாம். ரத்தம் வேகமாகப் பீறிடும் வழி இருக்கும் இதயத்தில் அந்தக் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, இதய உள்ளுறைத் தொற்று வரலாம். சிறிய ஃபிஸ்டுலாவில் அந்த ஆபத்து குறைவுதான். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து, வாரக்கணக்கில் ஊசி மருந்து வேண்டும். சர்க்கரை நோயில் காயம் ஆறுவதும் தாமதமாகும். ஆகவே அலகு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

காவடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அலகில்லாமல் காவடி எடுப்பவர்களும் பால்குடம் எடுப்பவர்களும் நம் கோயில்களில் எத்தனையோ பேர். அத்தையிடம் நீங்கள் நேரடியாக மறுக்க வேண்டாம், கோயில் குருக்களிடம் அவரையும் அழைத்துப் போய், உடல்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். விரதம் இருப்பதற்கு முன் சர்க்கரை மாத்திரையின் அளவை ஜி.பி.யோடு பேசி மாற்றுங்கள். சாப்பிடாமல் சில வகை மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். தைப்பூசம் இங்கே கோடையின் புழுக்கத்தில் வருகிறது. காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் குடிப்பதை விரதத்துக்காக நிறுத்தாதீர்கள், சர்க்கரை மிட்டாய் ஒன்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லை நன்றாகப் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஈறு வீக்கம், சொத்தைப்பல் இருந்தால் சரிசெய்யுங்கள். உங்கள் நிலையில் பல் பிடுங்கும்போது முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் பொதுவாகத் தேவைப்படாது. பின்னாளில் காயில் வைத்தால் முதல் ஆறு மாதத்துக்கு அது மாறும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாட்களுக்கு மேல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தருவதற்கு முன் ரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள், ‘எனக்கு இதயத் தமனியில் ஃபிஸ்டுலா இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி

இது பெரும்பாலும் குடும்பத்தில் இறங்கி வருவதில்லை. மகளுக்கு மூச்சிரைப்போ மயக்கமோ ஓடும்போது நெஞ்சுவலியோ இல்லையென்றால், ஜி.பி. ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கட்டும். இரைச்சல் இருந்தால் எக்கோ. இல்லையென்றால் அவளை ஓட விடுங்கள், சகோதரி. உங்கள் குடும்பத்திலிருந்து அவளுக்கு வரக்கூடியது கொலஸ்ட்ராலும் சர்க்கரையும்தான். தாத்தா 52-இல் போனதால் அவளுக்கு ஒருமுறை கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்வது நல்லது. ஓட்டம் அவளுக்கு அந்த இரண்டிலிருந்தும் பாதுகாப்பு.

மெடிக்கல் எய்ட்

கணவர் செலவைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் படிவத்தில் மறைப்பது உங்களை நடுத்தெருவில் நிறுத்திவிடும். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, எல்லாருக்கும் திறந்திருக்கும் ஒரு மெடிக்கல் எய்ட் உங்கள் நோயைக் காரணம் காட்டி உங்களைச் சேர்க்க மறுக்கவும் முடியாது, அதற்காகக் கூடுதல் சந்தா வாங்கவும் முடியாது. ஆனால் முக்கியமான உடல்நிலையை மறைத்தது தெரிந்தால் உறுப்பினர் பதவியையே ரத்துசெய்யலாம். அது தெரியவருவது பெரும்பாலும் நீங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான்.

உண்மையைச் சொன்னால் அதிகபட்சம் என்ன நடக்கும்? பொதுவாக 3 மாதம் வரையிலும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரையிலும் காத்திருக்கச் சொல்லலாம். நீங்கள் இத்தனை வருடம் இடைவெளியில்லாமல் உறுப்பினராக இருந்ததால் அந்த 12 மாதம் உங்களுக்குப் பொருந்தாமலே போகலாம். பழைய மெடிக்கல் எய்டிலிருந்து உறுப்பினர் சான்றிதழ் வாங்குங்கள், புதியவரிடம் காத்திருப்புக் காலத்தை எழுத்தில் கேளுங்கள், பதில் கைக்கு வந்த பிறகுதான் பழையதை நிறுத்துங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை நோய், உயர் கொலஸ்ட்ரால், இதயத் தமனி நோய் மூன்றும் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. மிக மலிவான திட்டத்திலும் அவற்றுக்கான மருந்துக்குப் பணம் தர வேண்டும். அதற்கு உங்கள் மருத்துவர் விண்ணப்பப் படிவம் நிரப்பிப் பதிவுசெய்ய வேண்டும், அவர்கள் பட்டியலில் உள்ள மருந்தாக இருக்க வேண்டும். மாத்திரைக்குக் கைக்காசு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவு செய்தீர்களா என்று பாருங்கள். அவர்கள் நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள், பிறகு கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் தரலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சில் பாரமோ இறுக்கமோ பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்து வியர்த்தால், தாடைக்கோ கைக்கோ பரவினால், அல்லது வலியே இல்லாமல் திடீரென மூச்சு வாங்கி, வாந்தி வந்து, என்னவோபோல் ஆனால், அது ஃபிஸ்டுலாவா அடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். 10177-க்கு, கைபேசியிலிருந்து 112-க்கு அழையுங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் ஒரு ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள். நீங்களே கார் ஓட்டிப் போகாதீர்கள். இந்த எண்களை மகளின் கைபேசியிலும் அத்தை பார்க்கும்படி குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் எழுதி வையுங்கள்.

மாத்திரை தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரத்தில் எல்.டி.எல்.லை மறுபடி பாருங்கள். ஸ்ட்ரெஸ் எக்கோ முடிவு வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள். அடைப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத் திரும்பவும் பேசலாம்.